பதினோராம் நிமிஷத்து இருமல்

கோலார் தங்கவயல் ஜாஸ் கேட்போர் சங்கத்துக்கு நான் ஜாஸ் கேட்கப் போகவில்லை. தண்ணீர் ஃபில்டருக்கு கேண்டில் மாற்றப் போனேன். வெளியே வரும்போது உறுப்பினராகியிருந்தேன்.

ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ்தான் என் வேலை. ஆறு மாதத்துக்கு என்று சொல்லி கம்பெனி என்னைத் தூத்துக்குடியிலிருந்து இங்கே அனுப்பியது. நாலு வருஷம் ஆகிறது. ராபர்ட்சன்பேட்டை, மைசூர் மைன்ஸ், பங்காருபேட்டை மூன்றும் என் ஏரியா. மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறேன். "கேண்டில் கறுத்துப் போச்சு" என்று நான் சொல்வேன். "போன மாசம்தானே மாத்துனே" என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு நாளில் நான் மனிதர்களோடு பேசுவது அவ்வளவுதான். அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆள் பழைய கேண்டிலையே கழுவி மாட்டிவிட்டுப் போவானாம்.

சங்கம் இருந்தது, மூடிப்போன மைன்ஸில் ஆட்களின் வருகையைப் பதிந்த ஒரு பழைய டைம் ஆபீஸ் கட்டடத்தில். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர வேறொரு வாசல். வெளியே வரும் வாசல் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சிறிய அறைக்குள் போய்த் திரும்பியது. அங்கே காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். கழுத்தில் கயிற்றில் ஒரு விசில். பெயர் தங்கவேலு என்று பிறகு தெரிந்தது. என் டூல் பையைத் திறந்து பார்த்தார். சட்டைப் பையைத் தட்டினார். கடைசியில் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன்.

"பாட்டு வருது" என்றார்.

நான் முனகிக்கொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

"உள்ள இருந்து எடுத்துனு போறியா?"

"ஃபில்டரைத்தான் தொட்டேன், அண்ணாச்சி. இது ஏற்கெனவே எங்கிட்ட உள்ளது."

"எல்லாரும் அத்ததான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதினார். கொஞ்சம் துருப்பிடித்த சத்தம். பதினேழு வருஷத்தில் அவர் விசில் ஊதியது அதுதான் முதல் தடவையாம்.

சத்தம் கேட்டு சங்கத் தலைவர் எட்மண்ட் வந்தார். மைன்ஸ் காவலில், வாட்ச் அண்ட் வார்டு இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபத்தாறு வயது. வெள்ளைச் சட்டை, டை, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"மைன்ஸ்ல தங்கத்தை எப்டி எடுத்துனு போவாங்க தெரியுமா மேன்? டிபன் பாக்ஸ் அடியில வெப்பான். தலைமயிர்ல வெப்பான். பல்லு சந்துல வெப்பான். அதுவாச்சும் கண்ல பாக்குற பொருளு. பாட்டைக் கண்ல பாக்க முடியுமா? அதான் இங்க தொண்டை செக்கிங்."

"பாட்டு வெளிய போனா என்ன சார் ஆயிரும்?"

"இன்னா ஆவுமா? நாளைக்கு ஆண்டர்சன்பேட்டை ஆட்டோக்காரன் பாடுவான். அடுத்த வாரம் பேத்தமங்கலத்துல எருமை ஓட்டுறவன் பாடுவான். அப்புறம் எங்களுக்கு இன்னா மரியாதை? ஜாஸ்னா நாலு பேருக்குத் தெரியணும். அஞ்சாவது ஆளுக்குத் தெரிஞ்சா அது ஆர்க்கெஸ்ட்ரா."

அந்தப் பாட்டை ஒரு வரி முனகச் சொன்னார். முனகினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஜாஸ்."

அது ஜாஸ் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் ரேடியோ கேட்க ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். அதற்குள் லேபிள் இல்லாத ஒரு கேசட் இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஒருவர் சாக்ஸஃபோன் ஊதுகிறார். பின்னால் ஒரு பெரிய தந்தி வாத்தியம் ஆள் நடக்கிற மாதிரி அடி எடுத்து வைக்கிறது. பதினெட்டு நிமிஷம். பதினோராவது நிமிஷத்தில் ஊதுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில், கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் இருமுகிறார். அதற்குப் பிறகு பாட்டு வேறு பக்கம் திரும்பிவிடும், இருமியவரிடம் ஏதோ கேட்கிற மாதிரி. எனக்கு அந்த இருமல் பிடித்திருந்தது. வீட்டில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எட்டு மாதமாக வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு அதைப் போடுவேன். என்னிடம் வேறு கேசட் கிடையாது.

இதை எட்மண்டிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

"மெம்பர் இல்லாதவன் சங்கத்து காம்பவுண்டுல ஜாஸ் வெச்சினு இருக்கக் கூடாது. இருந்தா அது சங்கத்து ஜாஸ்னுதான் அர்த்தம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்ப்ளெயின்ட் குடுப்பேன். இன்னொண்ணு, நீ மெம்பர் ஆயிடு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடணும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் வழக்கமாகச் சட்டை துவைப்பேன். பதினொரு மணிக்குக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி பார்ப்பேன். "வாரேன் சார்" என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது சங்கச் செயலாளர் சாரதா அம்மா கையால் சுற்றுகிற சைரனைச் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் டைம் ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். சுவரில் ஆணி அடித்த ஒரு பலகை. நிறைய ஆணிகள் காலி; மற்றதில் ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். எனக்கு நூற்றுப் பதினேழாம் நம்பர் கொடுத்தார். ஹாலில் எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்.

"மத்த நூத்தி ஆறு பேர் எங்கம்மா?"

"உள்ளதான் இருக்காங்க."

"காணோமே."

"டோக்கன் திருப்பிக் குடுக்கல. வெளிய போனதுக்கு ரெக்கார்டு இல்ல. அப்போ உள்ள இருக்காங்கன்னுதானே அர்த்தம்? இருபத்தொன்பது வருஷம் இந்த வேலைதான் பாத்தேன் தம்பி. உள்ள போனவன் வெளிய வந்தானான்னு பாப்பேன். உள்ள இன்னா பண்ணான்னு எனக்குத் தெரியாது, அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

ஹாலின் நடுவில் கண்ணாடி அலமாரி. அதற்குள் ஒரு ரெக்கார்ட் பிளேயர். அலமாரிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒரே ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துவருவதில்லை. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அலமாரி திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டுகூடத் திருட்டுப் போனதில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தார்கள்.

கூட்டத்தின் பெயர் பகிர்வு. உறுப்பினர்கள் அந்த வாரம் கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பங்களை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது. எட்மண்ட் எழுந்து நின்று, "இப்போ இன்னா கேட்டுனு இருக்கீங்க?" என்று கேட்டார். ஒவ்வொருவராகப் போய், ஆல்பத்தின் பெயரை எழுதி அரக்கு வைத்து ஒட்டிய கவரை மேஜையில் வைத்தார்கள். எட்மண்ட் அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஸ்டீல் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினார்.

என் பக்கத்தில் ஷைலா சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மைன்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவரிடம் மெதுவாகக் கேட்டேன்: "கவரை எப்பம் பிரிப்பாங்க?"

"எதுக்குப் பிரிக்கணும்?"

"யார் என்ன கேக்காங்கன்னு தெரிய வேண்டாமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தெரிஞ்சா அவங்களும் அத்த கேட்டுடுவாங்களே."

அடுத்து டன் கணக்கு. வாரத்தில் யார் அதிகம் ஆல்பம் கேட்டார்கள் என்பது. முதலிடம் எப்போதும் ராகவுக்குத்தான். முப்பது வயது இருக்கும். தினமும் காலையில் ரயிலில் பெங்களூரு போய் வருகிறவர். அன்று பதினாலு கவர் வைத்தார்.

"போறப்ப ஏழு, வர்றப்ப ஏழு சார். டபுள் ஸ்பீடுல ஓட்டிடுவேன். டிரம்ஸ் தனியா வந்தா ஸ்கிப்."

எல்லோரும் கை தட்டினார்கள். ராகவ் ஏற்கெனவே பத்தாவது லெவல். அன்று பதினோராவது லெவலுக்கு இறக்கினார்கள். இந்தச் சங்கத்தில் எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவு பெரிய ஆள். நான் சர்ஃபேஸ், தரைமட்டம்.

என் முறை வந்தது. என்னிடம் கவர் இல்லை, கேசட்டுக்குப் பெயரும் இல்லை. "வீட்ல ஒரு டேப் இருக்கு சார், அதத்தான் கேக்கேன்" என்றேன். புது ஆள் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம், "அதேதான் சார்" என்றேன். மூன்றாவது வாரமும் "அதேதான்" என்றேன்.

ஹாலில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை வருஷம் நான் அண்டர்கிரவுண்டு ஆளுங்களைப் பாத்தவன்" என்று ஆரம்பித்தார். "ஒரு எடத்துல ஒரு ஷிஃப்ட் தோண்டுவான். ஒண்ணும் இல்லன்னா அடுத்த எடத்துக்குப் போய்டுவான். ஒரே எடத்துல மூணு ஷிஃப்ட் ஒருத்தன் தோண்டறான்னா, அவன் சும்மா தோண்ட மாட்டான். அங்க ஏதோ பாத்துட்டான். பாத்துட்டு நம்மகிட்ட சொல்லல." என் பக்கம் திரும்பினார். "அதுல இருந்து இன்னா மேன் எடுக்கறே?"

"ஒண்ணும் எடுக்கல சார். கேக்கறப்போ நல்லாருக்கு."

சாரதா அம்மா மினிட் புக்கில் எழுதியதை வாசித்தார்: "கேட்கும்போது ஏதோ கிடைப்பதாக நூற்றுப் பதினேழாம் டோக்கன் ஒப்புக்கொண்டார்."

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்குச் சோதனைக்கு வருவதாகத் தீர்மானம் போட்டார்கள். திடீர் சோதனைதான். ஆனால் மினிட் புக்கில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியதால் எனக்கும் தெரிந்துவிட்டது.

நாலு வருஷத்தில் என் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. செவ்வாய்க்கிழமையே வீட்டைக் கழுவிவிட்டேன். ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் மிக்ஸரும் ரவா லட்டும் வாங்கினேன். இரண்டு நாற்காலி பக்கத்து வீட்டில் இரவல் கேட்டேன். "பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று அந்த வீட்டு மங்கம்மா கேட்டார். "சோதனைக்கு வாராங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். முன்பும் பெரிதாகப் பேசியதில்லை.

எட்மண்ட், சாரதா அம்மா, ஷைலா சிஸ்டர் மூவரும் வந்தார்கள். எட்மண்ட் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். ஷைலா சிஸ்டர் தலையணையை முகர்ந்தார். சாரதா அம்மா லட்டை எண்ணினார்.

"மூணு பேருக்கு எட்டு லட்டு எதுக்கு? இன்னும் யாராவது வராங்களா?"

"இல்லம்மா. சாப்புடுங்க."

"இவ்ளோ நல்லா கவனிக்கறான்னா சம்திங் இருக்கு மேன்" என்று எட்மண்ட் சாரதா அம்மாவிடம் சொன்னார். என்றாலும் இரண்டு லட்டு சாப்பிட்டார். காபி நன்றாக இருக்கிறது என்று ஷைலா சிஸ்டர் சொன்னபோது, அதை எழுத வேண்டாம் என்று சைகை காட்டினார். ஒரு மணி நேரம் இருந்தார்கள். ஃபில்டர் தண்ணீர் ஏன் இவ்வளவு ருசியாக இருக்கிறது, அதிலும் ஏதாவது கலக்கிறாயா என்று கேட்டார்கள். பெற்றோர் இருக்கிறார்களா, ஊருக்கு ஏன் போவதில்லை என்று கேட்டார்கள். குற்றவாளியிடம் கேட்பது போலத்தான் கேட்டார்கள். ஆனாலும் இந்த ஊரில் அதையெல்லாம் என்னிடம் கேட்டவர்கள் அவர்கள்தான். எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னேன்.

போகும்போது கேசட்டை ஒரு துணிப் பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அதை ஓட்டிப் பார்க்கச் சங்கத்தில் டேப் ரெக்கார்டர் இல்லாததால் என்னுடையதையும் எடுத்துக்கொண்டார்கள்.

"எப்பம் சார் திருப்பித் தருவீங்க?"

"உள்ள இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சதும்."

அதன் பிறகு விசாரணை ஆறு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மூன்று ஷிஃப்டாகப் பிரிந்து கேட்டார்கள். முதல் ஷிஃப்ட் சாக்ஸஃபோனை மட்டும் கேட்க வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் தந்தி வாத்தியத்தை. மூன்றாவது ஷிஃப்டில் இருந்தவர்கள் சத்தம் இல்லாத இடங்களை மட்டும் கேட்டு, அங்கே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராகவ் டபுள் ஸ்பீடில் ஓட்டினால் சீக்கிரம் முடியும் என்றார். பழைய டேப் ரெக்கார்டரில் அந்த வசதி இல்லை. அவர் இரண்டாவது வாரத்திலிருந்து வரவில்லை.

விசாரணைக்கு உட்பட்டவன் என்பதால் நான் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே போகும் வாசலறையில், தங்கவேலுவோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் என்னோடு பேசக் கூடாது என்று உத்தரவு. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு இடுக்கு வழியாகப் பதினெட்டு நிமிஷமும் கேட்டது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு தடவை.

முதல் இரண்டு வாரம் உள்ளே ஒரே சண்டை. நாலாவது வாரம் சத்தம் குறைந்தது. ஐந்தாவது வாரம் ஒருவரும் பேசவில்லை. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சாரதா அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்மண்டின் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்தார். இடது ஷூவால் வலது ஷூவை மிதித்து, பாட்டு முடியும்வரை அப்படியே வைத்திருந்தார். பாலிஷ் போய்விட்டது.

ஆறாவது வாரம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஷைலா சிஸ்டர் எழுந்து நின்றார்.

"முப்பத்தொரு வருஷம் வார்டு பாத்தேன். இருமல் கேட்டே ஆளு எந்த லெவல்ல வேலை செஞ்சான்னு சொல்லிடுவேன். பதினோராவது நிமிஷத்துல ஒருத்தர் இருமறாரு. முப்பத்தாறு தடவை கேட்டேன். அது சளி இருமல் இல்ல. பீடி இருமல் இல்ல. டிரில் புடிச்சவன் இருமல். கல்லுத் தூசி நெஞ்சுல உக்காந்தவன் இருமல். அறுபதாவது லெவலுக்குக் கீழ."

ஹாலில் எல்லோரும் தலையாட்டினார்கள். எட்மண்ட் தீர்ப்பு சொன்னார்.

"அப்போ அந்த இருமல் கேஜிஎஃப் இருமல். கேஜிஎஃப் பூமிக்குக் கீழ இருந்து வந்தது எதுவும் தனி ஆளுக்குச் சொந்தம் கிடையாது. இருமலைத் தனியா எடுத்துனு மீதியை இவனுக்குக் குடுத்துடலாம்னு பாத்தோம். பிரிக்க முடியல, பாட்டோட ஒட்டினு கீது. அதனால முழு டேப்பும் சங்கத்துக்கு."

"சார், நம்ம ஊர் ஆளு அந்தப் பாட்டு ரெக்கார்டு பண்ண எடத்துக்கு எப்படிப் போயிருப்பாரு?"

"எங்க ஆளு எங்க வேணா போவான் மேன். நீ தூத்துக்குடியில இருந்து இங்க வரல?"

"வாரத்துல ஒரு நாள் இங்க வந்து கேட்டுக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

எட்மண்ட் கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்தார். "கேட்டா தேஞ்சிடும்" என்றார்.

அன்றுதான் கண்ணாடி அலமாரியைத் திறந்தார்கள். மூன்று சாவிக்காரர்களும் வந்திருந்தார்கள். பிளேயருக்குப் பக்கத்தில் கேசட்டை வைத்துப் பூட்டினார்கள். டேப் ரெக்கார்டரை மேல் தட்டில் வைத்தார்கள். எனக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அதில், "ஒரு இருமலும் அதைச் சேர்ந்த இசையும் பெற்றுக்கொள்ளப்பட்டன" என்று இருந்தது. சங்கத்துக்குப் பொருள் கொடுத்தவன் என்பதால் என்னை முதல் லெவலுக்கு இறக்கினார்கள். கை தட்டினார்கள்.

கேசட் போன பிறகு முதல் வாரம் பரவாயில்லை. ஃபில்டர் கழற்றும்போது மனசுக்குள் ஓட்டிக்கொள்வேன். இரண்டாவது வாரம் நடுவில் ஓர் இடம் விட்டுப்போனது. மூன்றாவது வாரம் பங்காருபேட்டையில் ஒரு வீட்டில் மெம்பரேன் மாற்றிக்கொண்டிருந்தபோது, இருமல் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இருமல் வரை வந்தது. அவர் இருமுகிறார், பாட்டு ஒரு பக்கம் திரும்புகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அன்று முழுக்க முயற்சி பண்ணினேன். ஏழு நிமிஷம் என்னிடமிருந்து போய்விட்டது. அந்த வீட்டு அம்மா, "என்ன தம்பி, பழைய மெம்பரேனையே மாட்டுறியா?" என்று கேட்டார். உண்மையாகவே பழையதைத்தான் கையில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போனேன். "இப்போ இன்னா கேட்டுனு இருக்கீங்க?" என்று எட்மண்ட் கேட்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்பேன். அது உண்மை. உண்மை என்பதால் யாரும் நம்பவில்லை. சாரதா அம்மா சிவப்பு மையில் எழுதினார்: "எதையோ மறைக்கிறார்."

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது. "ஃபில்டர்ல தண்ணி வரல. வந்து பாரு" என்று ஒரு குரல். விலாசம் எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி. போய்ப் பார்த்தால் தங்கவேலு. காக்கிச் சட்டை இல்லாமல் பனியனில் நின்றார். சமையலறையில் எவர்சில்வர் குடம் மட்டும்தான் இருந்தது. ஃபில்டர் எதுவும் இல்லை.

"ஃபில்டர் எங்க அண்ணாச்சி?"

"கதவைச் சாத்து."

சாத்தினேன். என் டூல் பையைத் திறந்து பார்த்தார். சட்டைப் பையைத் தட்டினார். போனை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். தொண்டையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஒண்ணும் வரல."

"பாதி மறந்துட்டு."

"எதுவரைக்கும் வருது?"

"இருமல் வரைக்கும்."

தலையாட்டினார். குடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். இவரைச் சங்கம் அனுப்பியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என் தொண்டையிலிருந்து மிச்சத்தையும் எடுக்க ஒரு சோதனையாக இருக்கலாம். கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் அவர் பக்கம் இருந்தது.

"இருபத்தெட்டு வருஷம் மைன்ஸ் ஷாஃப்ட் கேட்ல நின்னேன்" என்றார். "எவன் மடியில இன்னா கீதுன்னு பாத்தேன். அப்புறம் இங்க பதினேழு வருஷம். பாட்டு சங்கம்னாங்க. ஒரு நாளு ஒரு பாட்டு கேட்டதில்ல. நீ வந்துதான் கேட்டேன். முப்பத்தாறு தடவை." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "வெளிய போறவன எல்லாம் நான் செக் பண்றேன். நான் வெளிய போறப்ப எவனாவது செக் பண்ணானா? இத்தனை வருஷத்துல ஒருத்தன் தொண்டையில கை வெச்சானா?"

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து விசிலடிக்க ஆரம்பித்தார்.

நன்றாக விசிலடித்தார் என்று சொல்ல மாட்டேன். முன்பல் ஒன்று இல்லாததால் காற்று கொஞ்சம் வெளியே போனது. ஆனால் முதலிலிருந்து எல்லாம் இருந்தது. தந்தி வாத்தியத்துக்கு விரலால் குடத்தைத் தட்டினார். பதினோராவது நிமிஷம் வந்தது. ஊதுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். துண்டால் வாயைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். பாட்டு திரும்பியது. எந்தப் பக்கம் என்று பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் இறங்கி, தயங்கி, பிறகு மேலே போனது. இத்தனை நாள் வலது பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அரிசி டின்னிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார்.

"இந்த இருமல் நெசமா அண்ணாச்சி, இல்ல பாட்டுல உள்ளதா?"

"எந்த இருமல்?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்மண்ட் எழுந்து கேட்டார்: "இப்போ இன்னா கேட்டுனு இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். சங்கத்தில் நான் சொன்ன முதல் பொய். சாரதா அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக நீல மையில் எழுதினார்.

கூட்டம் முடிந்து வெளியே போகும் வாசலுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் எட்மண்டும் ஷைலா சிஸ்டரும் நின்றார்கள். தங்கவேலு காக்கிச் சட்டையில் இருந்தார். விசில் கழுத்தில் தொங்கியது. பையைத் தட்டினார். உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தார். நான் முனகாமல்தான் இருந்தேன், ஆனால் உள்ளே பதினெட்டு நிமிஷமும் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கைக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. விசிலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"கிளீன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "போங்க."

நான் படியிறங்கும்போது பின்னால் அவர் இருமினார். எட்மண்ட் அடுத்து வந்து தொண்டையை நீட்டிக்கொண்டு நின்றார்.